காவடி வழியில் ஒரு பக்கி

அத்தியாயம் பதினொன்று

மோனிஷாவும் அவள் அப்பா ஆதிகேசவனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் எதைச் சொல்வதாக இருந்தாலும் நடுவில் தமயந்தி வேண்டியிருந்தது.

"சித்தி, நைனாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு."

"தமயந்தி, மழ வர மாரி இருக்குது. அவள கொட எடுத்துனு போவச் சொல்லு."

இருவருக்கும் நடுவில் நின்று, இருவரும் கேட்டுவிட்டதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள் தமயந்தி. அவள் ஆதிகேசவனின் தம்பி டில்லிபாபுவின் மனைவி. மோனிஷாவின் அம்மா தேவகி இறந்தபோது மோனிஷா பள்ளிக்கூடமே முடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒன்றாகிவிட்டன.

பேச்சு நின்றதற்குக் காரணம் மோனிஷாவின் வேலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு ஊரிலேயே இருக்கும் கரட்டடி அறக்கட்டளையில் சேர்ந்துவிட்டாள்.

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மொட்டைக் கரடு இருக்கிறது. அதன் அடியில் புதர்க்காடு. பக்கத்திலேயே சின்ன ஏரி. கரட்டை ஒட்டி நிலம் வைத்திருந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து, இனி இந்தக் காட்டை விற்பதில்லை, வெட்டுவதில்லை, உழுவதில்லை என்று எழுதிக்கொடுத்து உண்டாக்கியதுதான் அந்த அறக்கட்டளை. தமயந்தி அதன் செயலாளர். சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பாறை ஏறுவார்கள், பறவை பார்ப்பார்கள், நரியின் கால்தடம் எது நாயின் கால்தடம் எது என்று சண்டை போடுவார்கள். அவர்களுக்கு டீச்சர் மோனிஷா.

"காலேஜ் படிச்சுட்டு ஓணான் எண்ற வேலைக்கா போற?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

"ஓணான் மட்டும் இல்ல நைனா, அரணையும் எண்றோம்" என்றாள் மோனிஷா.

அவ்வளவுதான். அதுதான் கடைசிப் பேச்சு.

இத்தனைக்கும் அந்த மூன்று குடும்பங்களில் ஆதிகேசவனுடையதும் ஒன்று. தன் பங்கு நிலத்தைக் காட்டுக்கு விடும்போது அவர் மறு பேச்சுப் பேசவில்லை. ஒரே ஒரு வாக்கு மட்டும் தமயந்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நிலத்தின் நடுவே போகிற காவடி வழியை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது.

இன்று ஆடிக் கிருத்திகை. அந்த வழியில் காவடிகள் வரும் நாள்.

*

தேவகி மணவூரில் பிறந்தவள். மோனிஷா குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் வந்து பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. பிழைத்தால் மணவூரிலிருந்து திருத்தணி மலைக்குப் பூக்காவடி எடுப்பதாக தேவகி வேண்டிக்கொண்டாள். அவள் இருந்தவரை அவள் எடுத்தாள். பிறகு ஆதிகேசவன் எடுக்கிறார். ஆடி பரணிக்கு மணவூர் போய், மாமியார் ஊர்க்காரர்களோடு சேர்ந்து கிளம்பி, திருவாலங்காட்டில் இரவு தங்கி, கிருத்திகை அன்று காலை காவடியைத் தோளில் ஏற்றினால் மலையடிவாரம் வரை தரையில் வைப்பதில்லை. தோள் மாற்றிக்கொள்ளலாம். இறக்கக் கூடாது.

நெடுஞ்சாலையில் அன்று வேனும் பஸ்ஸும் நெருக்கித் தள்ளும். அதனால் கரட்டடி வழியாக நடந்து வருவது அந்தக் குழுவுக்கு வழக்கம். இன்னும் பல ஊர்க் குழுக்களும் அப்படித்தான்.

அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்க அறக்கட்டளை பந்தல் போட்டிருந்தது. உள்ளூர் விடுமுறை என்பதால் மோனிஷாவின் பள்ளிப் பெண்கள் விடியும்போதே வந்துவிட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போன ஷாலினி திடீரென்று "அக்கா!" என்று கத்தினாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலை அந்தரத்தில் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

மோனிஷா ஓடினாள். பெண்ணின் பாதத்துக்குக் கீழே காய்ந்த சருகும் சரளைக்கல்லும்தான் தெரிந்தன. பிறகு சருகு மூச்சுவிட்டது.

"அசையாத. காலை அப்படியே பின்னால வை. மெதுவா."

அது பக்கி. பகலெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு இருட்டியதும் பறக்கிற பறவை. கூடு கட்டாது. வெறுந்தரையில் முட்டையிட்டு அதன் மேல் உட்கார்ந்துவிடும். இந்தப் பக்கி உட்கார்ந்திருந்த இடம், இரண்டு காரைப் புதர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையும்படி ஒடுங்கிப்போன காவடி வழியின் நட்டநடு.

செய்தி கேட்டுத் தமயந்தி மோர்ப் பானையை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் தேடி, மோனிஷா கை காட்டிய பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது.

"சுத்திக் குச்சி நட்டு வெச்சா?"

"எதுக்குள்ள நடறது சித்தி? ரெண்டு பக்கமும் புதரு. நாப்பது பேரு பம்பை அடிச்சுனு வருவாங்க. இது எழுந்து பறந்துடும். அப்புறம் முட்டை இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இன்னிக்கு முழுக்க ஆளுங்க போயினே இருப்பாங்க."

"அப்ப வழிய மூடறதா?"

மூடினால் அது யாருடைய காவடிக்கு எதிராக மூடுவது என்று இருவருக்கும் தெரியும். அதுவும் யாருக்காக எடுக்கிற காவடி!

தமயந்தி ஆதிகேசவனுக்குப் போன் போட்டாள். யாரோ அதை அவர் காதருகில் பிடித்திருக்க வேண்டும். பம்பைச் சத்தம் இரைந்தது.

"பாவா, எங்க வந்துகினு இருக்கீங்க?"

"இப்பதான் திருவாலங்காடு தாண்டினோம். இன்னா விசயம்? கத்திப் பேசு!"

"நம்ம வழியில பக்கி உக்காந்துகினு இருக்குது பாவா!"

"எந்தப் பக்கி?"

"பக்கி பாவா, பக்கி!"

"எந்தப் பக்கியா இருந்தா எனக்கு இன்னா? எழுந்து ஓரமாப் போவச் சொல்லு. காவடி வர நேரத்துல வழியில இன்னா உக்கார்றது?"

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு விஷயத்தை விளக்கினாள். அந்தப் பக்கம் பம்பை மட்டும் கேட்டது.

"தமயந்தி" என்றார் அவர் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நீ எனக்கு வாக்கு குடுத்திருக்கற."

"ஆங், பாவா. மறக்கல."

"தேவகி நடந்த வழி அது."

போன் நின்றுவிட்டது.

*

தமயந்தி ஏரிப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். காட்டைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரை போகிறது. அந்தப் பக்கமாகவும் காட்டைக் கடந்து சத்திரம் சாலையைப் பிடிக்கலாம். ஆனால் கரை முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. அதை வெட்ட ஊராட்சித் தலைவர் போன மாதமே ஒப்புதல் தந்துவிட்டார். ஆவணியில் ஆள் சேர்த்து வெட்டுவதாக இருந்தார்கள்.

"ஆவணியில பண்றத ஆடியிலயே பண்ணிட்டா இன்னா?" என்றாள்.

"இப்பவா? அவங்க வர்றதுக்குள்ளயா?"

"பேசினு இருந்தா முடியாது. கத்திய எடுத்துனு வா."

மோர் கரைக்க வந்திருந்த ஊர்ப் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டார்கள். அவர்களில் கெங்கம்மாள் தன் வீட்டுக்கு ஓடிப் போய் இரண்டு வெட்டுக்கத்திகளும் மூன்று மருமகள்களும் கொண்டு வந்தாள். பெரியவர்கள் வெட்டினார்கள். வெட்டிய முள்ளைக் கவைக்கோலால் தள்ளிக் கரைக்குக் கீழே உருட்டினார்கள். பள்ளிப் பெண்கள் பின்னாலேயே துடைப்பத்தோடு வந்தார்கள். பந்தலில் மோர்ப் பானைக்கு யாரும் காவல் இல்லை. ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது.

வெயில் ஏற ஏறக் கரை திறந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கம் ஏரித் தண்ணீர் தெரிய ஆரம்பித்ததும் பெண்கள் கூச்சல் போட்டார்கள். இதுவரை கரைமேல் நின்று அந்த ஏரியை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை.

முக்கால்வாசி முடிந்தபோதுதான் ஷாலினி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். ஒரு முள் அடியில் நுழைந்து மேலே எட்டிப் பார்த்தது.

தமயந்தி அந்தச் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தி?"

"காவடிக்காரங்க வெறுங்கால்ல வருவாங்கடி."

எத்தனை கூட்டினாலும் சீமைக்கருவேல முள் மண்ணில் புதைந்து நிற்கும். வெறுங்காலில் நாற்பது பேர். அதில் பாதிப் பேர் வயதானவர்கள். பறவையைக் காப்பாற்றப் போய் மனிதர்கள் காலைக் கிழித்தால் ஊரில் இந்த அறக்கட்டளையின் பேச்சை அப்புறம் யார் கேட்பார்கள்?

பம்பைச் சத்தம் தொலைவில் கேட்கத் தொடங்கியது.

*

டில்லிபாபு அப்போது வீட்டில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான்கு மாடுகள், ஒரு டிராக்டர், ஒரு வைக்கோல் கொட்டகை. அறக்கட்டளை விவகாரங்களில் அவன் அதிகம் தலையிடுவதில்லை. அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவே மாட்டிக்கொள்வதைவிட மாட்டோடு இருப்பது நிம்மதி என்று நினைப்பவன்.

"மாமா, கரையில முள்ளு மேல விரிக்க உன் வைக்கோல் வேணும்" என்றாள் தமயந்தி போனில்.

"எவ்ளோ?"

"எல்லாம்."

வைக்கோல் என்றால் இப்போது மிஷின் சுற்றித் தருகிற உருளைகள். பாய் மாதிரி இறுக்கமாகச் சுற்றியிருக்கும். கொட்டகை நிறைய அவற்றை அடுக்கி வைத்திருந்தான்.

"சொர்ணவாரி அறுப்பு வர வரைக்கும் மாட்டுக்கு இதுதாம்மே இருக்குது."

"தெரியும்."

"முள்ளு மேல போட்ட வைக்கோல மறுபடியும் எடுத்து மாட்டுக்குப் போட முடியாது. வாயக் கிழிச்சிடும்."

"அதுவும் தெரியும் மாமா."

தமயந்தி காத்திருந்தாள். பிறகு போனில் டிராக்டர் உறுமுகிற சத்தம் கேட்டது.

*

டிராக்டர் வருவதற்கு முன்பே காவடி வந்துவிட்டது.

மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக நாற்பது பேர். எல்லோருக்கும் முன்னால் ஆதிகேசவன். தோளில் சாமந்தியும் அரளியும் சுற்றிய காவடி. வழியின் முகப்பில் சிவப்புக் கயிறு குறுக்கே கட்டியிருப்பதைப் பார்த்ததும் அவர் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பம்பை மட்டும் கொஞ்சம் தாமதமாக ஓய்ந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மோனிஷா நின்றிருந்தாள்.

"தமயந்தி எங்க?" என்றார் ஆதிகேசவன், மகளைப் பார்க்காமல்.

"சித்தி கரையில இருக்குது நைனா. நான்தான் கயிறு கட்டினேன்."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "குருவிக்காக காவடிய நிறுத்துவாங்களா?" என்றது ஒரு குரல்.

மோனிஷா கயிற்றைப் பிடித்தபடி சொன்னாள்.

"நைனா, ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க எந்த வழியா போலாம்னு சொல்றீங்களோ, அந்த வழியாவே எல்லாரும் போவட்டும். நானே கயித்த அவுத்து விடறேன்."

அப்போதுதான் மூச்சு வாங்க ஓடிவந்த தமயந்திக்கு இதைக் கேட்டதும் பகீரென்றது. இத்தனை பேர் வெட்டிய வெட்டை, கூட்டிய கூட்டலை இந்தப் பெண் ஒரே பேச்சில் பந்தயம் கட்டிவிட்டாளே!

ஆதிகேசவன் தயங்கினார். தோளில் காவடி. இறக்க முடியாது.

"இப்டிக் குடு தம்பி" என்று முன்னால் வந்தாள் ரத்தினம்மாள். தேவகியின் அக்கா. மணவூர்க்காரி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "பொண்ணு கூப்புடுது இல்ல, போய்ப் பாரு. நான் வெச்சுனு இருக்கறேன்."

காவடி அவள் தோளுக்கு மாறியது. ஆதிகேசவன் கயிற்றைத் தாண்டி மகளுக்குப் பின்னால் நடந்தார். புதர் நெருங்கும் இடத்தில் அவள் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்.

"எங்க?"

"நேரா பாருங்க நைனா. அந்த வெள்ளக் கல்லு. அதுக்கு இந்தப் பக்கம்."

"கல்லுதான் தெரியுது. சருகு."

"சருகப் பாத்துகினே இருங்க."

அவர் பார்த்தார். ஒன்றுமில்லை. எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றியபோது சருகில் ஒரு கோடு பிளந்தது. உள்ளே கறுப்பாக ஒரு கண். அது அவரைப் பார்த்தது. பிறகு பாதி மூடிக்கொண்டது.

ஆதிகேசவன் ஊன்றிய கையை எடுக்கவில்லை. இப்போது அவருக்கு எல்லாம் தெரிந்தது. தட்டைத் தலை, மீசை மயிர், சிறகில் மரப்பட்டை நிறம், மார்புக்கு அடியில் துளி வெளிறிய முட்டையின் விளிம்பு. நாற்பது பேர் பம்பையோடு வந்து நிற்கிறார்கள். அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது கண்ணுக்கே தெரிகிறது.

"இவ்ளோ பேரு வந்து நின்னும் எழுந்திரிக்கலியே" என்றார் மெல்ல.

"முட்ட இருக்குது இல்ல நைனா."

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்கம்மா இப்டிதான் இருந்தா" என்றார். "நர்சு வந்து திட்டுது. டாக்டரு வந்து சொல்றாரு, வெளிய போயி எதனா சாப்புடும்மான்னு. அசையவே இல்ல அவ. பயந்து போயிதான் இருந்தா. ஆனாலும் அசையல."

இதை அவர் மகளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. மோனிஷா அவரைத் திரும்பிப் பார்க்கத் துணியாமல் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதிகேசவன் எழுந்து, கொஞ்ச தூரம் பின்புறமாகவே நடந்து, பிறகு திரும்பினார். கூட்டத்திடம் வந்து கேட்டார்.

"தமயந்தி, கரையில இன்னும் எவ்ளோ பாக்கி?"

"கொஞ்சம்தான் பாவா. ஆனா கால்ல குத்தும். அவரு வைக்கோல் எடுத்துனு வர்றாரு."

"டில்லியா? வைக்கோலயா?" அவருக்கு நம்ப முடியவில்லை. பிறகு பம்பைக்காரர்களைப் பார்த்தார். "ஏரிய தாண்டற வரைக்கும் அடிக்காதீங்கப்பா. காவடி தூக்காதவங்க எல்லாம் கரைக்கு வாங்க. கை நெறைய வேல இருக்குது."

*

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊரில் இன்னும் கொஞ்ச நாள் பேசுவார்கள்.

டிராக்டர் கரையேறியது. டில்லிபாபு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முதல் உருளையை இறக்கினான். கயிற்றை அறுத்துத் தள்ளியதும் அது கரையோடு உருண்டு, பின்னால் பொன்னிறமாக விரிந்துகொண்டே போனது. பள்ளிப் பெண்கள் கை தட்டினார்கள். இரண்டாவது உருளையைத் தள்ளும்போது அவனும் சிரித்துவிட்டான்.

மஞ்சள் வேட்டிக்காரர்கள் மிச்சமிருந்த முள்ளை இழுத்துப் போட்டார்கள். அதில் ஓர் இளைஞன் மற்ற எல்லோரையும்விட முனைப்பாக இருந்தான். உருளைகளைத் தள்ளுவதும் அவன்தான், ஷாலினியிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக் கூட்டுவதும் அவன்தான். முழங்கையில் முள் கிழித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி போனான்.

"அது யாரு பெரியம்மா?" என்று கேட்டாள் மோனிஷா.

"எங்க தெருப் பையன். விஜயன். அரக்கோணத்துல ரயில்வேல இருக்கறான்" என்றாள் ரத்தினம்மாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல், "காவடி தோள அறுக்குது, உங்க நைனாவ வரச் சொல்லு" என்று பேச்சை மாற்றினாள்.

ஆதிகேசவன் காவடியை வாங்கிக்கொண்டு வைக்கோலில் முதல் அடி வைத்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். பம்பை இல்லை, அரோகரா இல்லை. வைக்கோல் நொறுங்குகிற சத்தமும் ஏரிக்காற்றும்தான். பாதிக் கரையில் அவர் குதிகாலில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. அவர் நிற்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

கரை முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் பம்பை ஒரேயடியாக வெடித்தது. "முருகனுக்கு அரோகரா!" என்று நாற்பது குரல்கள்.

பின்னால் வந்த ஊர்க் குழுக்களையும் பள்ளிப் பெண்கள் அந்த வழியாகவே அனுப்பினார்கள். பார்த்தே தீருவேன் என்றவர்களை மோனிஷா ஒவ்வொருவராகக் கூட்டிப் போய்த் தூர இருந்து காட்டினாள். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களைக் கேலி செய்தார்கள்.

"வைக்கோலுக்குக் கவலப்படாத" என்று டில்லிபாபுவிடம் சொல்லிவிட்டுப் போனாள் ரத்தினம்மாள். "மணவூர்ல எங்க வீட்டுப் போரு அப்டியே இருக்குது. திங்கக்கெழம வண்டி எடுத்துனு வா."

*

மலையேறிக் காவடி செலுத்தி, சரவணப் பொய்கையில் கால் நனைத்து, ஆதிகேசவன் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கரட்டுக்கு வந்தார். மோனிஷா தாழ்வான ஒரு பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். அவள் இட்டுக்கொண்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் அங்கயேதான் இருக்குதா?"

"இருங்க. இப்பக் கேக்கும்."

காற்று நின்றது. புதருக்குள்ளிருந்து, ஒரு சின்னப் பந்தைக் கல்தரையில் போட்டால் குதித்துக் குதித்து ஓய்வதுபோல ஒரு சத்தம் வந்தது. டொக், டொக், டொக்டொக்டொக். சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் கொடுத்தது.

"இதுவா?" என்றார் ஆதிகேசவன். "பொறந்ததுல இருந்து இந்தச் சத்தத்தக் கேக்கறேன். தவளைன்னு நெனச்சினு இருந்தேன்."

மோனிஷா சிரித்தாள். அவரும் சிரித்தார். மறுபடி அந்தச் சத்தம் வருகிறதா என்று இருவரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். வந்தது. அந்த ஒரு நாளின் களைப்பு முழுவதும் உடம்பில் சுகமாக இறங்குவதுபோல இருந்தது அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பையன் விஜயன். உருளை தள்ளினானே."

"ஆங்."

"அவன உங்க பெரியம்மா சும்மா இட்டுனு வரல. உன்னப் பாக்கத்தான். நான்தான் சரின்னேன். உன் கிட்ட சொல்லாம பண்ணது தப்புதான்."

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

"அவரு இன்னா சொன்னாராம்?"

"உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல. மலையெறங்கும்போது எங்கிட்ட வந்து, சனிக்கெழம பக்கி பாக்க வரலாமான்னு கேட்டான். எங்கிட்ட இன்னா கேக்கற, டீச்சரம்மாவக் கேளுன்னுட்டேன்."

டீச்சரம்மா. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மோனிஷா காட்டைப் பார்த்தபடி அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டாள்.

"வெறுங்கால்ல வரக் கூடாது" என்றாள். "ஷூ போட்டுனு வரச் சொல்லுங்க. வெடிகாலையில வரணும். போன் பேசக் கூடாது."

"சொல்றேன்."

அவள் பந்தல் பக்கம் போனாள். அங்கே தமயந்தியும் டில்லிபாபுவும் குடங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொல்ல, தமயந்தி "அப்டியா!" என்று கத்துவது கேட்டது.

ஆதிகேசவன் போனை எடுத்தார். ரத்தினம்மாளின் எண்ணை அழுத்தினார். மகளிடம் இன்னும் சொல்லாத ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது.

"அண்ணி, நாந்தான். போன வாரம் உங்க கிட்ட ஒண்ணு சொன்னேன் இல்ல, கல்யாணம் ஆனா பொண்ணு இந்தக் காட்டு வேலைய விட்டுடும்னு. அத யார் கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் பேசினது தப்பு."

அந்தப் பக்கம் ரத்தினம்மாள் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இன்னா தம்பி இப்டி சொல்ற! அந்த ஒரு பேச்ச வெச்சுதான் பையனோட அம்மாவ சரிக்கட்டினேன். நாளைக்குக் காலையிலயே தட்டு எடுத்துனு உங்க வீட்டுக்கு வரேன்னு நிக்கறாங்க!"

டிராக்டர் விளக்கு வெளிச்சத்தில் மோனிஷா காலிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி டில்லிபாபுவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆதிகேசவன் ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"வரட்டும் அண்ணி" என்றார். "ஆனா வீட்டுக்கு இட்டுனு வராதீங்க. கரட்டுக்குக் கூட்டினு வாங்க. அந்தம்மாவையும் ஷூ போட்டுனு வரச் சொல்லுங்க."